சுமைதாங்கி

மாவுக்கட்டைப் பிரிக்கும் இயந்திரம் வண்டு போல ரீங்கரித்தது. அம்மா கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஆறு வாரத்துக்கு முன் கொல்லைப்புறத்துப் பாசியில் வழுக்கி, கையை ஊன்றி விழுந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. கட்டின் இரு பாதிகளும் தேங்காய் மூடி போலப் பிளந்து விழ, உள்ளிருந்து வெளிப்பட்ட கை அவளுடையதாகவே இல்லை. தோல் செதில் செதிலாக உரிந்திருந்தது. முழங்கைக்குக் கீழே சதை வற்றி, இடது கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கை போல இருந்தது.

"ஏண்டா, இது என் கைதானா?" என்றாள்.

ஐம்பது வருடம் குடம் தூக்கிய கை. ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கை. ஆறு வாரம் சும்மா இருந்ததற்கு இந்தக் கோலம்.

பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு ஸ்பாஞ்சுப் பந்தை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். "பாட்டி, அமுக்குங்க. ம்... இப்ப விடுங்க. அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கக் கூடாது. அமுக்கணும், விடணும். அமுக்கணும், விடணும்."

ஆட்டோவில் வீடு வரும் வரை அம்மா அந்த இரண்டு சொல்லையும் நாமம் சொல்வது போல உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கும் அவை ஒட்டிக்கொண்டன. எலும்பைப் பற்றி அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததெல்லாம் கடைசியில் அந்த இரண்டு சொல்லிலேயே வந்து நின்றது.

*

எலும்பு என்றதும் நம் மனம் போவது சுடுகாட்டுக்குத்தான். அப்பாவின் காடாற்று அன்று சாம்பலுக்குப் பால் தெளித்து, சூடு தணிந்த துண்டுகளைப் பொறுக்கிப் புதுக் கலயத்தில் போட்டேன். விரலால் எடுக்கும்போதே ஒரு துண்டு விபூதியாக உதிர்ந்தது. மனிதன் போன பிறகு மிஞ்சுகிற கடைசிக் கல் என்றுதான் அன்று எலும்பைப் பற்றி நினைத்தேன்.

அந்தக் கலயத்தில் இருந்தது முழு எலும்பில்லை என்று பின்னால்தான் தெரிந்தது. உயிருள்ள எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார். பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தண்ணீர். நெருப்பு நாரையும் நீரையும் எடுத்துக்கொண்டு தாதுவை மட்டும் விட்டுவைக்கிறது. சுட்ட எலும்பு உருவம் கலையாமல் இருந்தும் தொட்டதும் உதிர்வது அதனால்தான். இதற்கு நேர்மாறானதை அடுப்படியிலேயே பார்க்கலாம். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவிச் சில நாள் வினிகரில் ஊறப்போட்டால், புளிப்பு தாதுவைக் கரைத்துவிடும். நார் மட்டும் மிஞ்சும். அதை ரப்பர் போல வளைக்கலாம்.

வளையாத தாது தனியே நின்றால் நொறுங்குகிறது. நொறுங்காத நார் தனியே நின்றால் துவள்கிறது. தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இருக்கும் நுண்மையில் இரண்டும் பின்னிக் கிடப்பதால்தான் நாம் எழுந்து நிற்கிறோம். வைராக்கியம் மட்டும் உள்ளவரையும் பார்த்திருக்கிறோம், இரக்கம் மட்டும் உள்ளவரையும் பார்த்திருக்கிறோம். முன்னவர் ஒரு நாள் உடைகிறார். பின்னவர் ஒவ்வொரு நாளும் வளைகிறார்.

இந்தக் கலவை எல்லா எலும்புக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. ஜான் கரி என்ற ஆங்கிலேய உயிரியலாளர் 1979-இல் மூன்று எலும்புகளை எடுத்து ஒப்பிட்டார். ஒன்று செம்மானின் கொம்பு. மாட்டுக் கொம்பு வேறு, மான் கொம்பு வேறு. மான் கொம்பு முழுக்க எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து மறுபடி முளைப்பது. இரண்டாவது பசுவின் தொடை எலும்பு. மூன்றாவது துடுப்புத் திமிங்கிலத்தின் செவி எலும்பு. தாதுவின் பங்கு கொம்பில் 59 சதவீதம், தொடையில் 67, செவியில் 86.

கொம்புக்கு வேலை மோதுவது. இன்னொரு கலைமானின் கொம்பை முழு வேகத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும், முறியக் கூடாது. அதற்குத் தாது குறைவு, நெகிழ்வு அதிகம். அதை உடைக்கத் தேவைப்பட்ட உழைப்பு, பசுவின் எலும்பை உடைக்கத் தேவைப்பட்டதைப்போல மூன்றரை மடங்கு. திமிங்கிலத்தின் செவி எலும்பின் மேல் எந்த அடியும் விழுவதில்லை. கடலின் ஒலியைச் சிதையாமல் வாங்குவது ஒன்றே அதன் வேலை. அது பசுவின் எலும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் விறைப்பானது. ஆனால் உடைப்பதற்குப் பசுவின் எலும்புக்கு ஆனதில் எட்டில் ஒரு பங்கு உழைப்புகூட ஆகவில்லை. நாள் முழுக்க உடம்பைத் தூக்கி நடக்கும் தொடை எலும்பு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

போரிடும் எலும்பு மிருதுவாகவும், கேட்கும் எலும்பு கடினமாகவும் இருக்கின்றன! நாமாக யோசித்துச் சொல்லியிருந்தால் மாற்றித்தான் சொல்லியிருப்போம். தலைமுறை தலைமுறையாக எந்தச் சுமை வந்ததோ அதைத் தாங்குவதற்கேற்ற பொருள் அந்தந்த உயிருக்குக் கிடைத்திருக்கிறது. 'இவ்வளவு சீக்கிரம் உடைந்துபோகிறாயே' என்று செவி எலும்பைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. உடைந்துபோகிற மனிதர்களைப் பார்க்கும்போதும் இப்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வருகிறது. சிலர் மோதுவதற்கென்று ஆனவர்கள் இல்லை. கேட்பதற்கென்று வந்தவர்கள்.

*

ஜூரிச் நகரில் ஹெர்மன் வான் மேயர் என்ற உடற்கூறியல் பேராசிரியர் இருந்தார். தொடை எலும்பின் மேல்முனையை நெடுக்கே அறுத்து, உள்ளே கடற்பஞ்சு போலத் தெரியும் மெல்லிய எலும்பு இழைகளின் போக்கை வரைந்து வைத்திருந்தார். 1866-இல் அந்தப் படங்கள் கார்ல் குல்மன் என்ற பொறியாளரின் கண்ணில் பட்டன. குல்மன் பாலங்களுக்கும் பாரந்தூக்கிகளுக்கும் கணக்குப் போடுகிறவர். கழுத்து வளைந்த பாரந்தூக்கி ஒன்றின் உடம்பில் எடை எந்தெந்த வழியாக இறங்கும் என்று அவர் தாளில் போட்ட கோடுகளும், மேயர் எலும்புக்குள் கண்ட கோடுகளும் ஒன்றுபோல வளைந்து ஓடின.

பெர்லினில் அறுவை மருத்துவராக இருந்த யூலியஸ் வொல்ஃப் இந்தச் சிந்தனையை வளர்த்து 1892-இல் நூலாக்கினார். எலும்பின் மேல் விழும் சுமை மாறினால் அதன் உள்ளமைப்பும், அதையொட்டி வெளிவடிவமும் மாறும் என்பது அதன் சாரம். அவர் சொன்ன கணிதத்தை இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. சுமைக்கேற்ப எலும்பு மாறும் என்ற உண்மை மட்டும் அசையாமல் நிற்கிறது. தொழில்முறை டென்னிஸ் ஆட்டக்காரர்களை 1977-இல் ஆராய்ந்தபோது, மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மற்றக் கையைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தடித்திருந்தது. உடம்பு ஒன்று, சாப்பாடு ஒன்று, ரத்தம் ஒன்று. வேறுபட்டது கைகளுக்கு வந்த வேலை மட்டும்.

ஊருக்கும் வயலுக்கும் நடுவே கிடக்கும் ஒற்றையடிப் பாதையை யாரும் திட்டம் போட்டு அமைப்பதில்லை. நடக்க நடக்க விழுகிறது. நடப்பது நின்றால் புல் மூடுகிறது. தொடை எலும்புக்குள் இருக்கும் கோடுகளும் அத்தகைய தடங்கள்தான். குழந்தை எழுந்து நடக்கத் தொடங்கிய பிறகே அவை தெளிவு பெறுகின்றன. ஒருவர் எப்படி நடந்தார், எதைத் தூக்கினார், எந்தப் பக்கம் சாய்ந்து நின்றார் என்பதெல்லாம் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது. சித்திரகுப்தன் எங்கேயோ உட்கார்ந்து கணக்கு எழுதுவதாகச் சிறுவயதில் கேட்டபோது, அந்த ஏடு எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று வியந்திருக்கிறேன். ஏடு இவ்வளவு அருகில் இருக்கும் என்று நினைக்கவில்லை.

*

எழுதுவது யார்?

கல் போன்ற எலும்புக்குள் கண்ணுக்குத் தெரியாத குழிகள் இருக்கின்றன. குழிக்கு ஒரு செல். ஆஸ்டியோசைட் என்று பெயர். ஒரு மனித எலும்புக்கூட்டுக்குள் இவை சுமார் 4,200 கோடி இருக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவை முன்பு எலும்பு கட்டும் செல்களாக இருந்தவை. கட்டிக்கொண்டே போய், கட்டிய சுவருக்குள் தாமே அடங்கி, கட்டும் வேலையை விட்டுவிட்டவை. தவத்தில் அமர்ந்தவரைச் சுற்றிப் புற்று வளர்ந்த வால்மீகியின் கதைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. புற்றுக்குள் உட்கார்ந்த இந்தத் தபசிகள் மெல்லிய கிளைகளை நீட்டி ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கிளைகள் ஓடும் வாய்க்கால்களில் ஈரம் இருக்கிறது.

நாம் ஓர் அடி எடுத்து வைக்கிறோம். எலும்பு நெளிகிறது. வேகமாக ஓடினாலும் நெளிவு ஆயிரத்தில் இரண்டு, மூன்று பங்கு அளவுதான். அந்தச் சிறு நெளிவில் வாய்க்கால் ஈரம் நகர்கிறது. நகர்வதை உள்ளே இருப்பவர் உணர்கிறார்.

உணர்ந்ததும் அவர் செய்வது மேலும் அழகு. ஆஸ்டியோசைட்கள் ஸ்கிளிரோஸ்டின் என்ற புரதத்தைச் சுரந்துகொண்டிருக்கின்றன. எலும்பு கட்டும் செல்களை அடக்கி வைப்பது அதன் வேலை. சுமை வந்து ஈரம் நகர்ந்ததும் இந்தச் சுரப்பைக் குறைத்துக்கொள்கின்றன. அடக்கி வைத்த கை தளர, கட்டுகிறவர்கள் தாமாகவே வேலையைத் தொடங்குகிறார்கள். மடையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நிற்கும் நீர்பாய்ச்சியைப் போல. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு யாரும் வயலுக்குப் போவதில்லை. அருள் என்ற சொல்லுக்கு எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறேன். எனக்குள் இத்தனை கோடி இடங்களில் நாள்தோறும் ஒரு மடை திறக்கிறது என்பதைக் காட்டிலும் எளிய விளக்கம் எதுவும் கிடைத்ததில்லை.

எலும்பில் புதுப்பிக்க வேண்டிய இடம் வந்தால் முதலில் வருகிறவர்கள் கட்டுகிறவர்கள் இல்லை, அரிக்கிறவர்கள். பழையதைக் கரைத்துப் பள்ளம் பறித்துவிட்டுப் போகிறார்கள். அதற்குச் சில வாரம் போதும். பிறகு அந்தப் பள்ளத்தை நிரப்ப மூன்று, நான்கு மாதமாகிறது. வளர்ந்தவர் உடம்பில் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படி மாறுகிறது. பத்தாண்டுக்கு முன் நான் எந்த எலும்பின் மேல் நின்று கோபப்பட்டேனோ, அதில் பெரும்பகுதி இன்று என்னிடம் இல்லை. கோபத்தை மட்டும் எதன்மேல் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று தெரியவில்லை.

*

சுமையே இல்லாமல் இருந்தால் என்ன? கோயிலில் நாம் வேண்டிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் அதைத்தானே.

அந்த வரம் கிடைத்தவர்கள் சிலர் இருக்கிறார்கள். விண்வெளி நிலையத்தில் மிதக்கும்போது உடம்புக்கு எடை தெரியாது. காலுக்கு நிற்கும் வேலை இல்லை, முதுகுக்குத் தாங்கும் வேலை இல்லை. போதிய பயிற்சி இல்லாமல் அங்கே இருந்தவர்களுக்கு இடுப்பு எலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைந்தது. இங்கே வயதான பெண்ணுக்கு ஓராண்டில் குறையக்கூடிய அளவு அது. உள்ளே இருப்பவர்கள் ஈரம் நகரக் காத்திருக்கிறார்கள், நகரவில்லை. இந்த வீட்டில் ஆளில்லை என்று முடிவுகட்டி, அரிக்கிறவர்கள் சுவரைக் கரைக்கிறார்கள். கரைந்த கால்சியம் சிறுநீரில் வெளியேறுகிறது. சிறுநீரகக் கல் வரும் அபாயமும் கூடுகிறது.

எனவே அவர்கள் அங்கே சுமையைத் தேடிப் போகிறார்கள். எடையே இல்லாத இடத்தில் எடை தூக்குவதற்கென்று, வெற்றிட உருளைகளின் இழுவிசையால் பாரத்தை உண்டாக்கும் கருவி ஒன்று 2008-இல் விண்வெளி நிலையத்துக்குப் போனது. ஓடுபொறியில் மிதந்துபோகாமல் இருக்க உடம்பை வாரால் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சிக்குப் போகிறது. பூமியில் நாம் கேட்காமலே, காசு கொடுக்காமலே, பிறந்த நாள் முதல் கிடைத்துக்கொண்டிருக்கும் ஒன்றை அங்கே இயந்திரம் வைத்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. மாடிப்படி ஏறும்போது முழங்கால் கனப்பதும் அந்தக் கொடையில் சேர்ந்ததுதான்.

*

இங்கே நிறுத்தினால் பாதி உண்மையோடு நிறுத்தியதாகும். சுமை நல்லது என்று சுமக்கிறவரிடம் போய்ச் சொல்வது சுலபம். சுமக்காதவர்கள்தான் அதை அதிகம் சொல்கிறார்கள்.

கிளின்டன் ரூபின், லான்ஸ் லான்யன் என்ற இரு ஆய்வாளர்கள் 1984-இல் சேவல்களின் இறக்கை எலும்பை வைத்துச் சோதனை செய்தார்கள். இறக்கையை அடிக்க முடியாதபடி செய்து, அந்த எலும்புக்கு வெளியிலிருந்து அளந்து சுமை கொடுத்தார்கள். எந்தச் சுமையும் படாத எலும்பு தேய்ந்தது. நாளுக்கு நான்கே நான்கு முறை அழுத்தி விட்டதும் தேய்மானம் நின்றது. 36 முறை அழுத்தி விட்டதும் எலும்பு வளர்ந்தது. 36 முறை என்பது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரந்தான். அப்படியானால் 1,800 முறை கொடுத்தால்? 36-க்குக் கிடைத்ததற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. அழுத்தியதை விடாமல் அப்படியே பிடித்து வைத்தும் பார்த்தார்கள். அது வான்கோழிகளில் செய்த சோதனை. விடாமல் அழுத்திய எலும்பு, சுமையே படாத எலும்பைப் போலவே தேய்ந்தது.

நமக்காகத் தங்கள் இறக்கையைத் தந்த அந்தப் பறவைகளை ஒரு கணம் நினைத்துக்கொள்கிறேன். அவை சொன்னதைக் கேட்காமல் போவது நன்றி கெட்டதனம்.

விடாத சுமையில் ஈரம் நகர்வதில்லை. ஒரு முறை நகர்ந்து, அங்கேயே நின்றுவிடுகிறது. நகராத நீர் எதையும் சொல்வதில்லை. உள்ளே கேட்டுக்கொண்டிருப்பவருக்கு நிற்கும் சுமையும் இல்லாத சுமையும் ஒன்றுதான். பின்னர் எலிகளில் செய்த ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின. 360 முறை தொடர்ந்து அழுத்துவதைவிட, அதையே நான்காகப் பிரித்து இடைவெளி விட்டு 90, 90-ஆகக் கொடுத்தால் எலும்பு கூடுதலாக வளர்ந்தது. சுமையை உணர்ந்து உணர்ந்து செல்கள் மரத்துப்போகின்றன. மரத்தது தெளிந்து பழையபடி முழுதாகக் கேட்கத் தொடங்க எட்டு மணி நேரம் போல ஆகிறது. ஏறத்தாழ ஓர் இரவின் உறக்கம்.

அமுக்கணும், விடணும்.

நம் பக்கத்தில் துயரப்படுகிறவரிடம் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: "பாரத்தை அவன்மேல் போடு." நான் அதை இயலாமையின் பேச்சு என்று நினைத்திருந்த காலம் உண்டு. பாரத்தைப் போட்டுவிட்டால் வேலை யார் செய்வது, கடனை யார் கட்டுவது? ஆனால் அப்படிச் சொன்ன பாட்டிகள் யாரும் அதற்குப் பிறகு சும்மா உட்கார்ந்ததில்லை. அந்தியில் விளக்கு வைத்து, கண்ணை மூடி, நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு எழுந்து அடுப்படிக்குப் போனார்கள். பாரம் மறுநாளும் இருந்தது; மறுநாளும் தூக்கினார்கள். நடுவில் அந்தக் கண் மூடிய சிறு பொழுதில் விட்டிருந்தார்கள். சரணாகதி என்பது சுமையை ஒரேயடியாக உதறுவது என்று நான்தான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன். அது இரண்டு அழுத்தங்களுக்கு நடுவே வரும் 'விடணும்'.

விடாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் எலும்பில் சாட்சி உண்டு. ஒவ்வொரு நாளும் நடையில் எலும்புக்குள் மயிரிழை விரிசல்கள் விழத்தான் செய்கின்றன. விரிசல் அங்கிருக்கும் செல்களின் கிளைகளை அறுக்கிறது. அந்த அறுபட்ட இடத்துக்குப் பழுது பார்ப்பவர்கள் வந்து சேர்கிறார்கள். ஓய்வு இருந்தால் சரியாகிவிடும். விரிசல் விழும் வேகம் பழுது பார்க்கும் வேகத்தை முந்தினால், அடியே படாமல் எலும்பு முறியும். ப்ரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855-இல், நீண்ட அணிநடை போன வீரர்களின் பாதம் காரணமில்லாமல் வீங்கி வலிப்பதைப் பதிவு செய்தார். காரணம் இந்த முறிவுதான் என்பது பிற்பாடு தெரிந்தது. அவர்கள் யாரும் விழவில்லை. நடந்தார்கள், அவ்வளவுதான். நிறுத்தச் சொல்ல யாருமில்லாமல் நடந்தார்கள்.

நம் வீடுகளில் இப்படி நடந்துகொண்டே இருப்பவர்களை நாம் 'எவ்வளவு பொறுமைசாலி' என்று புகழ்கிறோம். புகழ்வதற்குப் பதில் கையிலிருப்பதைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம்.

*

பழைய சாலைகளின் ஓரத்தில் இன்னும் சில இடங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். நட்டு வைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்கே ஒரு கல். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், இன்னொருவர் கையை எதிர்பார்க்காமல், சுமையை அப்படியே நகர்த்தி வைத்து இளைப்பாறலாம். பிறகு அப்படியே தலைக்கு மாற்றிக்கொண்டு நடையைத் தொடரலாம். அதற்கேற்ற உயரம். அந்தக் கல் யாருடைய சுமையையும் வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை. ஈரம் நகர ஓர் இடைவெளி தருகிறது.

அந்தக் கல்லை யார் நினைவாக நட்டார்கள் என்பதை அம்மாதான் சிறுவயதில் எனக்குச் சொன்னாள். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக. "அவ இறக்கி வைக்காம போயிட்டாள்ல. அதான், வர்றவங்க போறவங்கல்லாம் இதுல இறக்கி வெச்சா அவளுக்கு ஆறும்னு." ஒரு பெண்ணால் இறக்க முடியாமல் போன சுமைக்கு, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் இறக்கி வைப்பதைப் பரிகாரமாக்கிய ஊர் நம்முடையது. இதைவிடப் பெரிய இறையியல் இருக்கலாம். எனக்குத் தெரியாது.

வள்ளுவர் அன்புடைமைக்கு எழுதிய பத்துக் குறளில் எலும்பு நான்கில் வருகிறது. அன்புள்ளவர் தம் எலும்பையும் பிறருக்கு உரியதாக்குவர் என்கிறார். உயிர் எலும்போடு வந்து சேர்ந்ததே அன்பின் பொருட்டு என்கிறார். எலும்பில்லாத புழு வெயிலில் வாடுவதை அன்பில்லாத வாழ்வுக்கு உவமை காட்டுகிறார். அன்பு இல்லாத உடம்பை எலும்புக்குத் தோல் போர்த்தியதாகச் சொல்லி முடிக்கிறார். அன்பைப் பேசும்போது நெஞ்சையும் கண்ணையும் சொல்லலாம். ஏன் திரும்பத் திரும்ப எலும்பு என்று பள்ளியில் யோசித்ததில்லை. பிள்ளைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் பாலுக்குப் போகிறது; அவளுடைய முதுகெலும்பின் அடர்த்தி சில சதவீதம் குறைகிறது; பிள்ளை பால் மறந்த பிறகு மெல்ல மீள்கிறது என்று படித்த அன்றுதான் அந்த அதிகாரம் எனக்குத் திறந்தது. எலும்பைத் தருவது உவமை என்று எண்ணியிருந்தேன். எனக்கு அது ஊட்டப்பட்டிருக்கிறது.

*

கட்டுப் பிரித்து நான்காவது மாதம். பந்திலிருந்து ஈரத் துணி பிழிவதற்கும், துணியிலிருந்து அரைச் செம்புத் தண்ணீருக்கும், செம்பிலிருந்து சின்னக் குடத்துக்கும் அம்மா வந்து சேர்ந்திருந்தாள். ஒவ்வொரு படியும் மருத்துவரைக் கேட்டுக்கேட்டுத்தான். கை இன்னும் பழைய கையாகிவிடவில்லை. எக்ஸ்ரே படத்தில் முறிந்த இடம் மட்டும் சற்று வெளுத்துத் தெரிந்தது.

அன்று காலை நான் வாசலில் நின்றிருந்தேன். தெருக் குழாயிலிருந்து குடத்தை எடுத்து வந்தாள். வாங்கிக்கொள்ளப் போன என்னைக் கண்ணாலேயே நிறுத்தினாள். பத்தடி நடந்தவள் திண்ணையில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை விரித்து மூடினாள். மூச்சு வாங்கியது. எதிர்வீட்டு வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். எதையாவது வேண்டிக்கொள்கிறாளோ என்று தோன்றியது. கேட்கவில்லை.

குடம் வைத்த இடத்தில் சிமெண்டின் மேல் ஈரம் வட்டமாகத் தெரிந்தது. அது காய்வதற்குள் எழுந்து, மறுபடி தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.